காணும்

காட் தந்த கஜீபனுக்கு நல்ல பல்வரிசை.
ஸ்ரான்லி வீதிக் கடையில்
பிரிட்ஜின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றேன்.
பக்கத்தில் மேசை போட்டிருந்தான்.
கையொப்பம் வைக்கும் இடமெல்லாம் பென்சிலால் புள்ளடி.
"மாதம் மாதம் குறைந்தபட்சம் கட்டினால் காணும், மிஸ்."

காணும்.
எங்கள் ஊரில் எவ்வளவு நிம்மதியான சொல் அது.
கோப்பைக்கு மேல் கையை மறித்து
சோறு போடுபவரிடம் சொல்வது.

நாள் முழுக்க நுணுக்குக்காட்டிக்குள்
குருதிக்கலங்களை எண்ணுவது என் தொழில்.
ஒன்று தவறினாலும் திரும்ப முதலிலிருந்து.
படிவத்தின் கடைசிப் பந்தி சின்ன எழுத்தென்று
சாட்டுச் சொல்ல எனக்கு வாயில்லை.
வாசிக்கவில்லை. அவ்வளவுதான்.

பிரிட்ஜ் ஒரு இலட்சத்து அறுபத்தெட்டாயிரம்.
முதல் மாதம் எண்ணாயிரத்து நானூறு கட்டினேன்.
அடுத்த கணக்குக்கூற்றைக் கழித்துப் பார்த்தால்
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபா
ஒருவரும் தின்னாமல், ஒருவரும் உடுக்காமல்
உள்ளே வந்து குந்தியிருந்தது.
கட்டியதில் பாதியளவு வட்டிக்குப் போக
மிச்சம்தான் முதலைத் தொட்டதாம்.

எமில் அல்லைப்பிட்டிக் கடலில் அட்டை வளர்க்கிறான்.
விரலளவு குஞ்சுகளை வலைக்குள் விட்டால்
பகலில் சேற்றுக்குள் புதைந்துவிடும்.
இருண்ட பிறகு மேலே வந்து மேயும்.
தீனி போடத் தேவையில்லை, சத்தமும் இல்லை.
ஒரு வருசம் கழித்துத் தூக்கினால் கை நிறையும்.
"உன்ரை அட்டையும் அப்பிடித்தானே" என்றான்,
பகிடியாகத்தான்.
அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

காற்று வந்து அவன் வலையைக் கிழித்த கிழமை
குருநகர்ச் சந்தி இயந்திரத்தில்
அதே காட்டால் பத்தாயிரம் இழுத்தேன்.
அதற்குத் தனிக் கட்டணம்.
காசு கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி.
தொலைபேசியில் இதைச் சொன்ன பிள்ளை
ஒரு பெருமூச்சும் விட்டாள்.
அவளும் ஒன்று வைத்திருப்பாள்போல.

எமிலின் முதல் அறுவடை
முழுக்க வங்கிக்குப் போனது.
வள்ளத்துக்கு இஞ்சின் வாங்க வைத்திருந்த காசு.
இஞ்சின் இன்னும் வாங்கவில்லை.
சில சனிக்கிழமைகளில் அந்தக் கதை எழும்பும்,
நான் உடுப்புத் தோய்க்கப் போய்விடுவேன்.

காட்டை வெட்டி எறி என்று தங்கச்சி சொன்னாள்.
வெட்டவில்லை.
பதினேழாம் திகதி கணக்கு மூடும்.
பதினெட்டில் மகனுக்குச் சப்பாத்து வாங்கினால்
கட்ட ஐம்பது நாள் வரை இருக்கு,
வட்டி ஒரு சதமும் இல்லை,
முழுக்கக் கட்டினால் மட்டும்.
சப்பாத்தின் விலை வங்கியில் ஏற்கெனவே கிடந்தால்தான்
காட்டை வெளியே எடுப்பேன்.
இருபத்தைந்து சம்பளம். இருபத்தாறு காலை,
தேத்தண்ணி ஆற முதல், முழுத்தொகை.
குறைந்தபட்சம் என்ற கட்டத்தின் பக்கம்
விரலைக் கொண்டுபோவதில்லை.
மார்கழியில் ஒருமுறை கொண்டுபோனேன்.
எமிலுக்குத் தெரியாது.

போன கிழமை
கஸ்தூரியார் வீதியில் அதே மேசை, அதே பல்வரிசை.
என்னை அடையாளம் கண்டுவிட்டான்.
"மிஸ், உங்கடை எல்லையைக் கூட்டித் தரலாம்.
நாலு இலட்சம் வரைக்கும் வரும்."

கை தானாக எழும்பி மறித்தது.
"காணும்."

அவன் முகம் கோணாமல் பின்னால் திரும்பினான்.
புதுப் போன் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி
ஒரு பெடியன் நின்றான்.
பேனை மூடி அவன் பல்லிடையில்.
படிவத்தில் புள்ளடிகளைத் தேடிக்கொண்டிருந்தான்.