காற்று எத்தனை

புன்தா அரேனாஸில் காலை ஆறு மணிக்கு
வானொலி முதலில் காற்றைத்தான் சொல்லும்.
எண்பதைத் தாண்டினால்
சதுக்கத்து மூலைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்க.

மருத்துவர் ஆறு முகங்கள் வரைந்த அட்டையை நீட்டினார்,
சிரிப்பதில் தொடங்கி அழுவது வரை.
இதில் எது நீங்கள்?
எதுவுமில்லை.
ஆறு முகத்துக்கும் கழுத்தே இல்லை.
எனக்கு வலி கழுத்தில் தொடங்குகிறது.

அதனால் வானொலியின் கணக்கையே எடுத்துக்கொண்டோம்.
நண்டு ஆலையில் உடைமாற்றும் அறை,
ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தபடி
கேட்டுக்கொள்வோம்: இன்று எத்தனை?
நாற்பது, என்பாள் நொல்ஃபா. அவளுக்கு இடுப்பு.
அறுபத்தைந்து, மழையோடு,
என்பார் கொதிகலன் பார்க்கும் ரொசாமெல்.
அவர் முழங்கால்களில் ஊசி போட்டுப் போட்டு
ஓய்ந்துவிட்டார்கள்.
எதெல்மிரா முப்பது.
எப்போதும் முப்பது.

ஆலை முழுவதற்கும் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றுதான்:
தராசுக்கு முன்னால், ஆடுகிற ஒரு முக்காலி.
அன்றைக்கு யார் எண் பெரிதோ அவருக்கு அது.
மேற்பார்வையாளர் தாளில் பெயர்கள் ஓரிடம்,
கைகள் வேறிடம்.
எடை சரியாக இருந்தால் அவர் கேட்பதில்லை.

மற்றவர்கள் நின்று
நீண்ட சிவந்த கால்களைக் கத்தரித்துச்
சதையை உதறி எடுப்போம்.
ஐஸ் தண்ணீரில் விரல்கள் முதலில் கத்தும்,
பிறகு யாருடையவையோ ஆகிவிடும்.

ஆகஸ்டில் ஒரு நாள் தேநீர் இடைவேளையில்
எதெல்மிரா தன் பிளாஸ்கை என் பக்கம் தள்ளினாள்.
மூடி இறுகிவிட்டது, திற.
இறுகவில்லை.
இரண்டே விரலில் திறந்தது.

எத்தனை நாளாய் இப்படி?
அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
உனக்குக் கழுத்து.
நொல்ஃபாவுக்குக் கைக்குழந்தை வேறு.
நான் தனி ஆள்தானே.

நொல்ஃபா அவளைத் திட்டிய திட்டை
இங்கே எழுத முடியாது.
குளிர்பதன அறை வரை கேட்டது.
பிறகு அதே மூடியில் ஊற்றி
மூவரும் மாற்றி மாற்றிக் குடித்தோம்.
சர்க்கரை அதிகம். யாரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தன் எண்ணைத் தானே சொல்லக் கூடாது.
பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்வார்,
பொத்தான் போட எத்தனை நேரம்,
படியில் முதலில் ஏறுவது எந்தக் கால்,
'ஒன்றுமில்லை' என்பதில் எவ்வளவு அவசரம்.
ரொசாமெல் எல்லோருக்கும் ஐந்து கூட்டியே சொல்வார்.

இன்று வெளியே அசைவே இல்லை.
நீரிணை தகடு மாதிரிக் கிடந்தது.
கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார்கள்.
நான் ஏப்ரனின் முடிச்சோடு போராடிக்கொண்டிருக்க
எதெல்மிரா என் கையைத் தட்டிவிட்டுத்
தானே முயன்றாள்.
அவளுக்கும் விழவில்லை.
தொண்ணூறு, என்றாள் என்னைப் பார்த்து.
உனக்கும்தான், என்றேன்.

முக்காலி ஒன்று.
நீ உட்கார். இல்லை, நீ.
தராசு பூஜ்யத்தில் நின்றது.

அப்போது ரொசாமெல்
கொதிகலன் அறையிலிருந்து ஒரு காலி நண்டுப் பெட்டியைக்
காலாலேயே தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து
முக்காலிக்குப் பக்கத்தில் சேர்த்தார்.
குனிய அவரால் முடியாது.