சேதாரம்

தகவல் வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
இரவு வேலைக்காரிக்குக் காலை ஒன்பதரைதான் நடுநிசி.
இக்னாசியா பூட்ஸ் காலால் கதவை உதைத்தாள்:
"ஓத்திலியா, எழுந்திரு. ரெண்டு மோதிடுச்சு."

லாரிகள் என்றுதான் நினைத்தேன்.
வயெனார் சாலையில் தாமிரத் தாது ஏற்றிய லாரிகள்
மாதம் ஒருமுறை அப்படித்தான்.

லாரி இல்லை. செத்த விண்மீன்கள் இரண்டு.
லா செரெனாவையும் கொகிம்போவையும் ஒட்டவைத்தால் எவ்வளவோ
ஒவ்வொன்றும் அவ்வளவே அகலம்,
சூரியனைவிடக் கனம்.
சுற்றின, நெருங்கின, எண்ண முடியாமல் சுற்றின,
முதலில் வெளி நடுங்கியது.
இரண்டு எண்ணி முடிப்பதற்குள்
காமாக் கதிரின் ஒரு வெட்டு.

ஒருவன் வாயைத் திறந்து
பேசாமலே மூடிக்கொள்ள
அந்த இடைவெளி போதும்.
ரெனே அப்படித்தான் மூடிக்கொண்டான்,
வாசலில், பெட்டியோடு.

அந்தப் பக்கத்து வானம்
சூரியனின் வாலைப் பிடித்துக்கொண்டே இறங்கிவிடும்.
எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம்.
குளிரில் குவிமாடக் கதவு பாதியில் சிக்கியது.
ஏறிப்போய் உதைத்தேன்.
வானியலுக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

மங்கிய ஒரு மண்டலம். அதன் ஓரத்தில்
பழைய படத்தில் இல்லாத புள்ளி.
பூப்பது எப்படி என்று செடிகள்
அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த காலத்தில்
கிளம்பிய வெளிச்சம்,
நான் உதைத்த கதவு வழியாக உள்ளே வந்தது.

முதல் இரவு நீலம்.
நாலாம் இரவு சிவப்பு.
ஏன் சிவப்பு என்றேன்.
"கனத்த உலோகங்கள். தங்கமும்தான்.
எத்தனையோ பூமிகளின் எடைக்குத் தங்கம்!"
இக்னாசியா சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

போன செவ்வாய்தான்
ஒவாயே அடகுக்கடையில் என் மோதிரத்தை விற்றிருந்தேன்.
மூன்று கிராம் இருநூறு மில்லி.
கடைக்காரர் கல்லில் உரசினார்,
வெளிச்சத்தில் பார்த்தார், சேதாரம் கழித்தார்.
அந்தப் பணத்தில் ஜீப்புக்குக் கியர் பெட்டி மாற்றினேன்.
அந்த ஜீப்பில்தான் இந்த மலைக்கு ஏறி வந்தேன்.

மேலே எது நகை, எது கழிவு?
சேர்ந்தது இருட்டாகியிருக்கும் என்கிறார்கள்,
இன்னும் உறுதியில்லையாம்.
சிதறியதுதான்
அங்கே அலைந்து இங்கே அலைந்து
ஒருநாள் விரலுக்கு வருகிறது.

என் விரலில் வெளுப்பு இன்னும் போகவில்லை.

பதிவேட்டில் நேரம் குறித்து, கீழே எழுதினேன்:
குவிமாடக் கதவு சிக்குகிறது.
எண்ணெய் போடவும்.