கழுத்து வரைக்கும்

உரும்பிராய் முந்திரிகை, ஆறு கிலோ,
நாலாம் குறுக்குத் தெருவில் பேரம்பேசியது.
வாளியில் கிடந்த எட்டு நாளும்
அது வாய் ஓயாமல் பேசியது.
தோலும் விதையும் மேலே திரண்டு வர
காலையும் மாலையும் அகப்பைக் காம்பால்
அமுக்கி அமுக்கிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் வடித்தேன்.
சேலைன் ஏற்றும் குழாய்,
புதிதுதான், மருதானைப் பாமசியில் வாங்கியது.
அடிமண்டியைத் தொடாமல்
ஒருமுறை உறிஞ்சிவிட்டு
கண்ணாடிச் சாடிக்குள் ஓடவிட்டேன்.
மண்டியை விட்டுவிட்டால் அளவு குறையும்.
சாடியின் தோளோடு நின்றுவிட்டது.
மேலே மூன்று விரல் காற்று.

இனிமேல் அதற்குக் காற்று ஆகாது.
முதல் வாரம் திறந்த வாயோடு கிடந்ததுதான்;
இப்போது அதே காற்றுப் பட்டால் வினாகிரி.
ஏன் இப்படி என்று ஒகஸ்ரின் கேட்டார்.
கலியாணமும் இப்படித்தான் என்று
சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

தண்ணி ஊற்றினால் சுவை செத்துப்போகும்.
கடை வைன் வாங்கி நிரப்ப
மாசக் கடைசியில் காசில்லை.
மேல்மாடிச் செனுரவிடம் போளை கேட்டேன்.
ஒன்பது வயசு. நாற்பத்தொன்று,
எண்ணித்தான் தந்தான்.
நத்தாருக்குத் திருப்பித் தரவேண்டும்,
பச்சைக்கோடு போட்டது கட்டாயம்.
அவித்து, ஆறவைத்து,
சாடியைச் சரித்து ஒவ்வொன்றாக நழுவவிட்டேன்.
மட்டம் ஏறியது, கழுத்து வரைக்கும்.

குழாயின் நுனி மாமைற் போத்தல் தண்ணீரில்.
முதல் நாள் மூச்சுக்கு ஒரு குமிழி.
நாலாம் நாள் நிமிசத்துக்கு ஒன்று.
பிறகு
கோப்பை கழுவி முடியும்வரை ஒன்றுமில்லை;
கை துடைக்கையில்
புளுக்.

கொட்டாஞ்சேனை வெக்கைக்கு
ஈரச் சாரத்தைச் சுற்றி
அதன் கரையைத் தண்ணீர்த் தட்டத்தில் போட்டிருக்கிறேன்.
துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளுக்குத்தான் மருந்தில்லை.
விடியப்புறம் அவை திரும்பும்போது
நிலம் அதிர்ந்து, படிந்த மண்டி
புகைபோல எழும்பும்.
குளியலறையில் பழைய ஓட்டோ ரயரின்மேல்
சாடியை இருத்தினேன்.

போன வருசம் பொறுக்கவில்லை.
குமிழி நின்றதைப் பார்த்து முடிந்ததென்று நம்பி
சாராயப் போத்தல்களில் அடைத்தேன்.
உள்ளே இனிப்பு மிச்சமிருந்தது.
இரவு இரண்டு பத்துக்கு ஒன்று வெடித்தது.
கண் விழிக்கமுன்னமே ஒகஸ்ரின் நிலத்தில்;
என்னையும் இழுத்து விழுத்தி
தலையை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்திருந்தார்.
படிக்கட்டில் லைற்றுகள் எரிந்தன.
ஒவ்வொரு கதவும்
சங்கிலி போட்டபடியே திறந்து
ஒரு கண் அளவுக்குப் பார்த்தது.
எந்தப் பாசையிலும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
லைற்றுகள் அணைந்தன.
இரண்டாம் போத்தல் வெடித்தபோது
அவர் சிரிக்கத் தொடங்கினார்.
நிறுத்த வெகுநேரம் எடுத்தது.
கலண்டருக்குப் பின்னால் சுவர்
இன்னும் சிவப்பு.

ஆகவே இந்த வருசம் நீரமானி.
மூன்று நாள் இடைவிட்டு
இரண்டு தரம் ஒரே எண் காட்டவேண்டும்.
நேற்றுக் காட்டவில்லை; ஒரு கோடு இறங்கியிருந்தது.
சத்தமில்லை, குமிழியில்லை,
உள்ளே எதையோ தின்றுகொண்டிருக்கிறது.

பின்னேரங்களில் செனுர வருவான்.
டோர்ச் லைற்றைச் சாடிக்குப் பின்னால் பிடித்து
போளைகளை எண்ணுவான்.
போன கிழமை ஒன்றுமே தெரியவில்லை.
இன்றைக்குப் பன்னிரண்டு.
பச்சைக்கோடு இன்னும் இல்லை.
போளைக்கு வெறிக்குமா அன்ரி, என்றான்,
அரைத் தமிழில்.
குடித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்ல?

ஒகஸ்ரின் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை.
குளிக்கும்போது மட்டும்
சாடிக்கு முதுகு காட்டாமல் நின்று
மெல்ல மெல்லத் தண்ணீர் வார்க்கிறார்.
கதவிடுக்கில் கண்டேன்.
கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.