வீரைமோட்டைத் துருசு, இலக்கம் இரண்டு

அம்புறோஸ் வெதறிலை
முதலில் ஒரு கையெழுத்தாகத்தான் அறிந்தேன்.
கச்சேரிப் பழங்கோப்பில்
செல்லரித்தது போக மிஞ்சிய 'வெதறி'.

பதினாறு வயதில்
சாக்கடை வரைபடங்களுக்கு நகலெடுத்த பையன்.
முப்பதில், புகைபோக்கிகள் நிறைந்த
ஓர் ஆலை நகரத்தின் மாநகரக் கட்டடக்கலைஞர்.
மூன்று வாக்கு வித்தியாசம்.
பிறகு இருபத்திரண்டு வருசம்
அந்த ஊர் எங்கே குளித்தது, எங்கே மீன் வாங்கியது,
புத்தி பிசகினால் எங்கே அடைபட்டது,
செத்தால் எந்த மேசையில் கிடந்தது
எல்லாம் அவருடைய பென்சில் சொன்ன இடத்தில்.

அடுத்தது மணிக்கூட்டுக் கோபுரம்.
கல், சபை உறுப்பினர் ஒருவரின் மச்சானுடைய குவாரியிலிருந்து.
ஈரம் குடிக்கிற கல்.
தெரிந்தே கையொப்பமிட்டார்.
(இது என் ஊகமில்லை.
இலங்கைக்கு வேலை கேட்டு எழுதிய விண்ணப்பத்தில்
அவரே எழுதியிருக்கிறார்.
விண்ணப்பத்தில் யார் இதையெல்லாம் எழுதுவார்கள்?)
மூன்றாம் பனிக்காலத்தில் கோபுரம்
நாலு விரற்கடை சாய்ந்தது.
மணி மட்டும் நேரம் தவறாமல் அடித்தது.

ஐம்பத்திரண்டு வயதில் முல்லைத்தீவில் இறங்குகிறார்.
ஒரு கருவிப்பெட்டி, ஒரு போத்தல் கொயினா.
காட்டுக்குள் ஒரு நகரம் வரையச் சொல்லி உத்தரவு.
வரைந்தார்: சந்தைச் சதுக்கம், நீதிமன்றம்,
வண்டில்கள் திரும்ப அகலமான மூலைகள்.
மணிக்கூடு இல்லை.
இணைப்பில் குடிசனக் கணக்கு: நாற்பத்தொரு பேர்.
அதில் ஒன்பது பேர் காய்ச்சலில்.

"இந்த ஊரின் நடு எது?"
ஓவசியர் வீரகத்தி தண்ணீரைக் காட்டினார்.
"மாரியிலை அந்தா, அதிலை, ஐயா.
கோடையிலை இன்னும் உள்ளுக்கை போகும்."

வற்றி வற்றி நகர்கிற நடுவை
அவர் எந்தப் பாடத்திலும் படித்திருக்க மாட்டார்.
பிளான் கொழும்புக்குப் போனது. அவ்வளவுதான்.
காசு வந்தது
ஒரேயொரு துருசுக்கு.

செங்கல் கொண்டுவந்தவர் முதலியாரின் மருமகன்.
பதினாலு வண்டிலில் பதினொன்றைத் திருப்பி அனுப்பினார் வெதறில்.
மருமகன் எழுதிய முறைப்பாடு முழுசாக இருக்கிறது;
அதைச் செல்லும் தின்னவில்லை:
'துரைக்கு மூளை குழம்பிவிட்டது.
கல்லைப் பானைத் தண்ணீரில் போட்டுவிட்டு
விடியும்வரை பக்கத்தில் குந்தியிருக்கிறார்.
காலையில் தராசு கேட்கிறார்.'

கொத்தன் சூசைமுத்து சுண்ணாம்புக்குக்
கடுக்காய்த் தண்ணியும் பனங்கட்டியும் சேர்த்தான்.
செலவுக் கணக்கில் பனங்கட்டிக்கு நேரே
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி,
பிறகு அதை வெட்டிய கோடு.
அடுத்த தாளில், இறுதிச் சம்பளம்:
பதினேழு நாளுக்கு.

இந்த ஆவணியில் குளம் அடி கண்டது.
நாடாவும் படிவமுமாகப் போனேன்.
சேறு வெடித்த பள்ளத்தில்
தேவாலய யன்னல் போலக் கூர்ந்து எழும் ஒரு வளைவு.
நகரமண்டபத்து முகப்பில் வைக்கவேண்டியதை
மீன் பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறார்.
கத்தி நுனியைச் சாந்தில் விட்டுப் பார்த்தேன்.
நுனி வளைந்தது.

படிவத்தில் ஏற்கெனவே தட்டச்சாகி இருக்கிறது:
'உடைத்து அகற்றிப் புதிதாக அமைத்தல்.'
மார்கழிக்குள் காசு முடியவேண்டும்.
ஒப்பந்தகாரர் ரெண்டு தரம் ஃபோன் எடுத்துவிட்டார்.
"தங்கச்சி, சும்மா ஒரு கையெழுத்துத்தானே."
'தற்போதைய நிலை' என்ற கட்டத்தில்
'ஒழுக்கில்லை' என்று எழுதினேன்.
கீழே என் பெயருக்கு விட்ட இடம் இன்னும் வெறுமை.

அவர் மாதிரிக்குத் தந்த சீமெந்துக்கல்
குசினியில், வாளிக்குள் கிடக்கிறது.
சின்னச் சின்னக் குமிழாக
மூச்சு விடுகிறது.
பக்கத்துக் கடையில் தராசு கேட்டிருக்கிறேன்.
விடியட்டும்.