நாற்பத்தேழாம் எண் வீடு

மானூருக்கு இது மூன்றாம் நடை.
ஜங்ஷனிலிருந்து போக வர முப்பத்தாறு ரூபாய்,
படிவத்துக்கு நூற்றிருபது.
வெயில் கணக்கில் வராது.

"பக்கத்து வீட்டப் போட்டு முடிச்சிரும்மா"
போனில் ஞானதுரை சார்.
பக்கத்து வீட்டில் தாலுகா ஆபீஸ் பென்ஷன்காரர்.
நாற்பது கேள்விக்கும் பதில் சொல்லி
மோரும் தருவார்.
காலை பத்து மணிக்குக் கதவு திறக்கிறவர்கள் எல்லாருமே
மோர் தருகிறவர்கள்.
என் தாள்களில் மானூர்
மதியம் ஒரு மணி நேரம் தூங்குகிறது.

பூட்டு மட்டும் பளபளவென்று இருந்தது,
தினம் யாரோ திறக்கிற பூட்டு.

கடைசி பஸ்ஸை விட்டேன்.
ஒன்பதேகாலுக்குக் கங்கைகொண்டான் கம்பெனி வேன்
சண்முகவடிவை இறக்கிவிட்டுத் திரும்பியது.
செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்:
"எத்தன கேள்வி?"
"நாப்பது."
"ஒல வச்சுக்கிட்டே சொல்லுதேன், எழுதுதியளா?"

பதினேழு: நேற்று எத்தனை மணி நேரம் ஓய்வு?

அரிசி களைந்த கை தண்ணீருக்குள் நின்றது.
"அத மட்டும்
பக்கத்து வீட்ல கேட்டுக்கிடுங்க."

ஆட்டோ முந்நூற்றைம்பது.
சாரின் அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது.
தச்சநல்லூர் தாண்டும்வரை
பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன்.
பதினேழுக்கு நேரே
பூஜ்யம் போடுவதா,
பதில் இல்லை என்று போடுவதா?