இங்கே ஓலை இல்லை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே என் கடை.
ஜெராக்ஸ், லாமினேஷன், கல்யாண அட்டை, கண்ணீர் அஞ்சலி.
பலகையில் எழுதாத ஒரு வேலை
ஆடிச் சாரலில் நனைந்து வந்தது.

ஈசானன் போற்றி. மின்வாரியம்.
ஊர் பார்த்திவபுரம்.
ஹெல்மெட்டுக்குள் திணித்திருந்தார் ஏழு நோட்டு,
சித்தப்பா ஓலை பார்த்து எழுதியது.
"மந்திரமா?" என்றேன்.
"மந்திரம் இல்ல செலின்.
மந்திரத்த எப்பம் சொல்லணும்,
கரண்டிய எந்தக் கையில பிடிக்கணும்,
என்னத்துக்கு அந்தக் கை,
அதுக்குள்ள உரை.
பிராமணம்னு பேரு. ஆளு இல்ல, நூலு."
பக்கத்துக்கு நாற்பது ரூபாய் சொன்னேன்.
பேரம் பேசவில்லை.

மூலம் கிரந்தத்தில்; அது வேறு ஆளுக்கு.
எனக்குத் தமிழ்ப் பொருள் மட்டும்.

துதி இல்லை. வர்ணனை இல்லை.
கறக்கும்போது பசு படுத்துவிட்டால்?
பால் பொங்கி வடக்கே வழிந்தால்?
தெற்கே வழிந்தால்?
நெருப்புக்கும் அவனுக்கும் நடுவே நாய் ஓடினால்?
கேள்விக்கு ஒரு கதை,
கதைக்கு ஒரு காரணம்,
காரணத்துக்காக ஒரு சொல்லை உடைத்து
உள்ளேயிருந்து எடுத்த இன்னொரு சொல்.
சக்கை அறுத்த மாதிரி
விரலெல்லாம் பசை.
இரண்டாம் நோட்டுவரை எரிச்சல்தான் எனக்கு.
இதையா மனப்பாடம் செய்தார்கள்,
தலைமுறை தலைமுறையாக?

எங்கள் வேதபுத்தகத்திலும் உண்டு,
கொழுப்பையும் குண்டிக்காயையும்
எப்படிப் பிரித்துவைப்பது என்று பக்கம் பக்கமாக.
ஞாயிற்றுக்கிழமை யாரும் அதைத் தொடுவதில்லை.
சின்னதில் ஒருதடவை
பிரசங்கம் நீண்டுபோன சலிப்பில்
அந்த அதிகாரம் முழுக்க வாசித்திருக்கிறேன்.
ரத்த வாடை அடித்தது.
கோவிலுக்குப் பின்பக்கம் என்று ஒன்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

போற்றியின் ஊரில் முன்னே ஒரு சாலை இருந்ததாம்.
வண்டி போகிற சாலை இல்லை, படிக்கிற சாலை.
தொண்ணூற்றைந்து பேர்;
அதில் பதினாலு இடம் தலவகாரத்தாருக்கு.
கூடப் படிக்கிறவனைக் கெட்டவார்த்தை சொன்னால்
ஒரு காசு தண்டம். செப்பேட்டில் இருக்கிறதாம்.
"அப்பம் சொல்லியிருக்கானுவ, கேட்டியளா" என்றார்,
"இல்லேன்னா சட்டம் எதுக்கு?"

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.
நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்படியென்றால் பசுவும் படுத்திருக்கிறது.
ஏதோ ஒரு விடியலில்,
பாதி நிறைந்த பாத்திரத்தோடு ஒருவன்
இனி என்ன செய்ய என்று
திகைத்து நின்றிருக்கிறான்.
அவனுக்காக எழுதியதா இத்தனையும்!

மூன்றாம் நோட்டிலிருந்து
அடிக்கிற வேகம் குறைந்துவிட்டது.

ஐந்தாம் நோட்டில்,
'வேள்வி நடுவே தீ அணைந்தால்' என்று கேள்வி.
அதன் கீழே, வேறு மையில்,
'இங்கே ஓலை இல்லை.'
அடுத்த வரி கரண்டி கழுவுவதைப் பற்றி.

எத்தனை புள்ளி வைக்க என்று போன் போட்டேன்.
களியக்காவிளையில் ஏதோ கம்பத்தடியில் நின்றார்,
மழை இரைச்சல்.
"புள்ளி வேண்டாம். அவரு எழுதினத அப்படியே அடிங்க.
அதும் உரையில சேந்ததுதான்."
சொல்லி முடிக்கவில்லை,
கரண்ட் போனது.
"உங்களுக்கும் போச்சா? லைன்ல ரப்பர் மரம் விழுந்து கெடக்கு,
நாந்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன்.
கொஞ்சம் பொறுங்க."

யுபிஎஸ் நாலுதடவை கத்தி அடங்கியது.
இருட்டில் அவன் வந்து நின்றான், பாத்திரத்தோடு.
பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கலாமா கூடாதா?
சாம்பலைக் கிளறிப் பார்க்க வேண்டுமா?
முதலிலிருந்தா, விட்ட இடத்திலிருந்தா?
அவனுக்கும் தெரியவில்லை.

வெளிச்சம் வந்தபோது கோப்பு திறந்தது.
'அணைந்தால்' வரைக்கும் இருந்தது,
மற்ற பதினோரு பக்கம் போயிற்று.
ஒரு கெட்டவார்த்தை வந்தது வாயில்.
ஒரு காசு.

'இங்கே ஓலை இல்லை' என்று
திரும்ப அடிக்கும்போது
வாசலில் யாரோ நனைந்து நின்றார்.
காலையில் அம்மா இறந்துவிட்டாளாம்.
கண்ணீர் அஞ்சலியில்
மகள் பெயர் முதலில் வருமா, மருமகன் பெயரா,
படம் இடப்பக்கமா வலப்பக்கமா,
அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.
கையில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"இரியுங்க" என்றேன்.
"பேரெல்லாம் மெதுவா சொல்லுங்க."