ஒரே அளவு

லென்ஸ் என்னுடையதில்லை.
சிவாஜிநகர்க் கடையில் ஒரு நாள் வாடகை
ஆயிரத்து எண்ணூறு,
அதுபோக டெபாசிட், ஆதார் நகல்.
நான் கல்யாணப் படக்காரி.
கொஞ்சம் இந்தப் பக்கம், தலையைச் சாய்ங்க, சிரிங்க
என்று எத்தனையோ ஜோடிகளை நிறுத்திவைத்த வாய்.

பன்னேர்கட்டா தாண்டி
ராகி அறுப்பு பாதியில் கிடந்த மாதம்.
மாலை ஐந்தே கால்.
பழைய தண்டவாளங்களை நட்டுச் செய்த வேலி
ஓர் இடத்தில் சும்மா முடிந்துபோயிருந்தது,
பணம் தீர்ந்திருக்கும்.
கிழக்கே அடுக்குமாடிகளில்
ஒவ்வொரு சமையலறையாக விளக்கு எரியத் தொடங்கியது.

காவலுக்கு வந்த கெம்பராஜு
என்னைவிடப் பத்து வயது இளையவன்.
யானைக்குப் பெயர் உண்டா என்றேன்.
நம்பர்கூட இல்லை என்றான்,
பீடிப்புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து
அதை அணைத்தபடி.

தைல மரங்களுக்கு நடுவே
ஒரு நிழல் மட்டும் காற்றுக்கு அசையவில்லை.
பிறகு அதற்குத் தந்தம் இருந்தது.

களிறு, வேழம், கைம்மா, கரி
பரீட்சைக்கு உருப்போட்டவை அத்தனையும்
எங்கோ ஒதுங்கிக்கொண்டன.
அறுநூற்றில் வைத்தேன்.
தும்பிக்கை நுனி முதல் வால்மயிர் வரை
சட்டத்துக்குள் கச்சிதம்.
புல்லைப் பிடுங்கி
முழங்காலில் தட்டி மண் உதறித் தின்றது.
க்ளிக்.
வாலைக் காணோம்.
திரும்பிவிட்டது என்று தோன்றவில்லை,
படம் இன்னும் அழகாகிவிட்டது என்றுதான் தோன்றியது.
காது ஓரத்தில் வெட்டுப்பட, வளையத்தைத் திருகினேன்.
ஐந்நூறு.
மறுபடி வெட்டுப்பட, நானூறு.
தேன் நிறத்தில் வெளிச்சம்.
கண்ணுக்கும் காதுக்கும் நடுவே
கன்னத்தில் கறுப்பாய் வழிந்திருந்த ஈரத்தை
நல்ல நிழல் என்று நினைத்தேன்.
முந்நூறு.
விசிறிக்கொண்டிருந்த காதுகள் நின்றுவிட்டன.
ஆடாமல் நிற்கிறது, துல்லியமாக வரும்,
க்ளிக், க்ளிக்,
இருநூறு,
காதிலிருந்து காதுவரை
அதே அளவு,
அதே

கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தான் கெம்பராஜு.
ஹிந்தே, என்றான். கத்தவில்லை.

கண்ணை எடுத்தேன்.
நடுவில் இருந்த வயலைக் காணோம்.
அதன் வாடை வந்திருந்தது, அதன் மூச்சின் சத்தமும்.
கேமராவுக்குள் நான் அதைத் தள்ளித் தள்ளி வைக்க
அது நடந்து நடந்து
தன் இடத்தைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறது.

ஓடக் கூடாது.
முதுகு காட்டக் கூடாது.
முகத்தைப் பார்த்தபடி பின்னால் நடப்பது
என் பிழைப்பு;
வாசலிலிருந்து மணமேடை வரை
எத்தனை மண்டபங்களில் நடந்திருக்கிறேன்.
அன்றைக்குத்தான் யாரையும்
சிரிக்கச் சொல்லவில்லை.

முன்னங்காலைத் தூக்கியது.
அந்தரத்தில் ஒரு முறை ஆட்டியது, வைத்தது.
மண்ணை வாரித் தன் மேலேயே போட்டுக்கொண்டது.
ஏதோ முடிவுக்கு வந்தது.
அந்த முடிவில் எனக்குப் பங்கில்லை.
ராகிப் பக்கம் திரும்பிய பிறகும்
வெகுநேரம்
என் கால்கள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன.

லென்ஸைக் குழல்விளக்கில் உயர்த்திப் பார்த்த கடைக்காரர்
ஒரு கீறல்கூட இல்லை என்று
டெபாசிட்டை எண்ணிக் கொடுத்தார்.

நாற்பத்தொரு படம்.
ஸ்டுடியோவில் பிரசில்லா திரையில் ஓட்டினாள்.
பாவம்க்கா,
எவ்ளோ பொறுமையா ஒரே இடத்துல நின்னு
போஸ் குடுத்திருக்கு பாருங்க.
ஒவ்வொரு படத்துக்கும் கீழே, பொடி எழுத்தில்,
எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன.
நாற்பத்தொன்றாவதில்
ராகித் தாளில் மிதித்த என் வலது செருப்பு மட்டும்.
அழிச்சிடட்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன்.